பதின்மூன்று நிமிட லாபம்

2008ஆம் வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு கீழக்கரையில் கல்யாணங்கள் வரிசைகட்டித் தொடங்கின. அதே வாரத்தில் மின்வெட்டும் முறை வைத்துக்கொண்டு தொடங்கியது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கரண்ட் கிடையாது. மாலை நான்கு முதல் ஆறு வரை கிடையாது. இரவில் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. ஊர் வைதுகொண்டே அதற்குப் பழகிவிட்டது. ஹமீதா பானுவால் மட்டும் பழக முடியவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே காத்திருக்கத் தெரியாது. சோறு வெந்துகொண்டிருக்கும்போது நாலு தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். டீ ஆறும்வரை பொறுக்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்துபோய், நடுவழியில் பஸ்ஸைத் தவறவிட்ட கதைகள் அவளைப் பற்றி வீட்டில் நிறைய உண்டு. அப்படிப்பட்டவள் கையில் வந்து சேர்ந்த தொழிலோ காத்துக் கிடக்கிற தொழில்.

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை அவள் வீடியோ எடுத்தாள். அந்தப் பக்கம் ஆண் கேமராக்காரர்கள் எட்டிப் பார்க்க முடியாது. மருதாணி வைப்பது, மணப்பெண்ணுக்கு நகை பூட்டுவது, பெண்கள் கூடி உட்கார்ந்து பாடுவது எல்லாம் அவள் கேமராவுக்குள்தான் போகும். எடுத்ததை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டிவிடி ஆக்கித் தருவாள். ஊரில் அவளுக்கு இருந்த பேர் படத்தின் அழகால் வந்ததில்லை. ஒரு வாக்கால் வந்தது. டிவிடியைக் கையில் கொடுத்த அன்றே கம்ப்யூட்டரில் இருப்பது அத்தனையும் அழிக்கப்படும்; எந்த ஆண் கண்ணிலும் ஒரு நொடிப் படம்கூடப் படாது. அந்தப் பெட்டியை அவளுக்குப் பூட்டிக் கொடுத்த கணவன் பாக்கர்கூட லீவில் வந்தால் அந்த அறைக்குள் திரையை அணைத்த பிறகுதான் நுழைவான்.

பாக்கருக்கு துபாயில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. போன வருஷ லீவில் மதர்போர்டு, பிராசசர், இரண்டு மெமரி எல்லாம் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து அவனே கோர்த்துக் கொடுத்தான். நல்ல பெட்டிதான். ஆனால் ஒரு கல்யாணத்தை டிவிடிக்கு மாற்றும் கடைசி வேலை, ரெண்டர் என்பது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. பன்னிரண்டுக்கு வருகிற கரண்ட் நான்குக்குப் போய்விடும். ஐந்து மணி நேர வேலையை நான்கு மணி நேரத்துக்குள் எப்படித் திணிப்பது? பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். துண்டு துண்டாகச் செய்து ஒட்டிப் பார்த்தாள். ஒட்டிய இடத்துக்குப் பிறகு உதடு ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போனது. யுபிஎஸ்ஸின் பேட்டரி கிழடு, ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிது.

மூன்றாவது முறை ரெண்டர் பாதியில் செத்த அன்று பாக்கருக்குப் போன் செய்தாள்.

"மச்சான், இந்தப் பொட்டிய வேகமா ஓட வைக்க வழி இருக்கா இல்லையா? இல்லைன்னா சொல்லிருங்க, கேமராவ வித்துட்டு தையல் தைக்கப் போறேன்."

"இருக்கு. ஆனா சொல்றத மட்டும்தான் செய்யணும். நீயா ஒண்ணையும் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்."

"வல்லாஹி? அல்லா மேல சத்தியமா?"

"சொல்லுங்க மச்சான், நேரம் போகுது."

பெட்டியை அணைத்துப் போட்டு, டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னான். நீலத் திரை வந்தது. அதுதான் பயாஸ், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் பெட்டி தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு. திரையில் இருப்பதை அவள் எழுத்தெழுத்தாகப் படிக்க, அவன் அங்கிருந்து வழி சொன்னான். பிராசசரின் அடிப்படைத் துடிப்பு இருநூறு என்று இருந்தது. அதை இருநூற்று அறுபத்தாறு ஆக்கச் சொன்னான். ஆக்கினாள்.

"இப்ப கீழ மெமரி ஃப்ரீக்வென்சின்னு இருக்கும். அதுல என்னென்ன இருக்கு, படி."

"ஆட்டோ. நானூறு. ஐநூத்தி முப்பத்திமூணு. அறுநூத்தி அறுபத்தேழு. நம்ம மெமரி அறுநூத்தி அறுபத்தேழுதானே? அதை வச்சிரவா?"

"வைக்காத. நானூற எடு."

"எதுக்கு நானூறு? வேகமாக்கச் சொன்னா கொறைக்கச் சொல்றீங்க."

பாக்கர் பொறுமைசாலி. "இங்க பாரு. அங்கன எழுதியிருக்கிறது பழைய துடிப்புக்குப் போட்ட கணக்கு. நீ துடிப்ப ஏத்திட்டேல்ல, மெமரியும் அதோட கயித்துல கட்டுன மாதிரி கூடவே ஏறும். நானூறுன்னு வச்சா உண்மையில ஐநூத்தி முப்பத்திமூணுல ஓடும். ஐநூத்தி முப்பத்திமூணுன்னு வச்சா எழுநூத்தி ஒம்பதுல ஓடும். அது ஒன் மெமரி தாங்குற அளவுக்கு மேல. ஆட்டோல விட்டா எண்ணூத்திச் சொச்சத்துக்குப் போயி பொட்டி ஏந்திரிக்கவே ஏந்திரிக்காது."

"நடுவுல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல. ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. நீ கீழ இருக்கிறத எடு. பிராசசர் ஏறுன வேகமே ஒனக்குப் போதும்."

நானூறை எடுத்தாள். பெட்டி எழுந்தது. அன்று ஒரு ரெண்டர் மூன்று மணி ஐம்பத்துநான்கு நிமிடத்தில் முடிந்தது. நான்கு மணிக்கு ஆறு நிமிடம் மிச்சம். ஹமீதா பானு அறைக்குள் எழுந்து நின்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் கரண்ட் பன்னிரண்டு ஐந்துக்கு வந்தது. நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போனது. யுபிஎஸ் மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தபோது தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஆறு மணிவரை அவள் வீட்டுக்குள் முன்வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். கரண்ட் வந்ததும் பெட்டியைப் போட்டு, டெலீட்டைத் தட்டி, நீலத் திரைக்குப் போனாள். ஐநூற்று முப்பத்துமூன்று என்பதன்மேல் வெளிச்சக் கட்டத்தை நகர்த்தி நிறுத்தினாள். பக்கத்திலேயே எழுநூற்று ஒன்பது என்று சின்ன எழுத்தில் வந்தது. மெமரி தாங்குவது அறுநூற்று அறுபத்தேழு. நாற்பத்திரண்டுதானே கூட என்று நினைத்தாள். தேவிபட்டினம் ரோட்டில் அறுபது என்று போர்டு வைத்த இடத்தில் அறுபத்தைந்தில் போகாத வண்டி உண்டா?

சேமித்து வெளியே வந்தாள். விண்டோஸ் எப்போதும்போல எழுந்தது. எதுவும் புகையவில்லை, எதுவும் நிற்கவில்லை. அடுத்த ரெண்டர் மூன்று மணி நாற்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. பதின்மூன்று நிமிட லாபம். பாக்கரிடம் அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அந்த வாரம் மூன்று வீட்டு டிவிடிகள் அந்த வேகத்தில் முடிந்து போயின. மூன்றாவது வீடு உம்மு ஹபீபாவுடையது.

உம்மு ஹபீபாவுக்கு ஒரு மகன், இரண்டு பெண்கள். இளையவள் சல்மாவுக்குத்தான் இப்போது கல்யாணம். மூத்தவள் நஃபீசா கணவனோடும் பிள்ளையோடும் ரியாத்தில் இருந்தாள். நாலு வருஷமாகத் தாய்க்கும் மூத்த மகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தங்கை கல்யாணத்துக்கும் நஃபீசா வரவில்லை. இது தெருவுக்கே தெரியும். ஏன் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று, பெண்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில், உம்மு ஹபீபா ஹமீதா பானுவைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டு கதவைச் சாத்தினாள். போட்டோவுக்குக்கூட முகம் காட்டாதவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நான் கொஞ்சம் பேசுறேன். நஃபீசாவுக்குப் போற சீடியில மட்டும் இதைச் சேத்துரு. வேற யாருக்குப் போறதுலயும் வேணாம்."

ஒரு நிமிடம் பத்து நொடி பேசினாள். நடுவில் இரண்டு முறை இருமினாள். பேசி முடித்ததும் உம்மு ஹபீபா எழுந்து, "பந்திக்குத் தண்ணி வச்சாச்சான்னு பாக்கணும்" என்று போய்விட்டாள்.

அந்த ஒரு நிமிடத்தை ஹமீதா பானு மற்ற எதையும்விடக் கவனமாகச் செய்தாள். இருமலை வெட்ட வேண்டும், வெட்டியது தெரியக் கூடாது. முப்பது தடவையாவது ஓட்டி ஓட்டிப் பார்த்திருப்பாள். நஃபீசாவுக்கான டிவிடி தனியாக ரெண்டர் ஆனது. சல்மாவின் அண்ணன் வெள்ளிக்கிழமை ரியாத்துக்குப் புறப்படுகிறான். வாசலில் வந்து நின்றுவிட்டான். டிவிடியை பிளேயரில் போட்டு, ரிமோட்டால் தாவித் தாவி ஐந்தாறு இடம் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கொடுத்தனுப்பிவிட்டு, வாக்குப்படி எல்லாவற்றையும் அழித்தாள். டேப்பை வழக்கமாக ஒரு மாதம் வைத்திருப்பாள். அந்த முறை மதுரையிலிருந்து புது டேப் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அதே டேப்பில் எடுத்துவிட்டாள்.

புதன்கிழமை காலை சல்மா வந்தாள். கல்யாணப் பெண்ணின் மருதாணி கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ராத்தா, உம்மா பேசுனத வெட்டச் சொல்லி ஒங்ககிட்ட யாரும் சொன்னாங்களா?"

"வெட்டவா? யாரு சொல்லுவா? முழுசா வச்சுத்தான் குடுத்தேன்."

"நஃபீசா ராத்தா நேத்து போன் பண்ணுச்சு. உம்மா 'நஃபீசா, அன்னைக்கு நீ வந்தப்ப'ன்னு தொடங்குதாம். அம்புட்டுதான். படம் கட்டங்கட்டமா சிதறி, சத்தம் கிரீச்சுன்னு வந்து, அப்புறம் பந்தி நடக்குற எடத்துக்குப் போயிருதாம். 'பேச விட்டுட்டு, பிறகு வேணாம்னு அழிச்சிருக்கீங்க. என்னைய இன்னும் ஒருக்கா வாசல்ல நிறுத்தணுமா'ன்னு கேட்டு அழுகுது. நான் என்ன சொல்றது?"

"மத்த எடமெல்லாம் நல்லாருக்காமா?"

"இன்னும் ரெண்டு எடத்துல லேசா சிதறுதாம். அது போயிட்டுப் போகுது. ராத்தா, டேப்பு இருக்குல்ல? மறுபடியும் ஒண்ணு போட்டுத் தாங்க."

"நீ போ சல்மா. நான் பாத்துட்டு வீட்டுக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னாள். டேப் இல்லை என்று சொல்லும் தைரியம் அந்த நேரத்தில் வரவில்லை.

சல்மா தெருமுனை திரும்புவதற்குள் அவள் துபாய்க்குப் போன் போட்டுவிட்டாள். பாக்கர் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மெமரி எதுல இருக்கு?"

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"ஹமீதா. எதுல வச்சிருக்க?"

"ஐநூத்தி முப்பத்திமூணு."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இந்தியில் எதையோ கேட்க, அவன் பொறுக்கச் சொன்னான்.

"பொட்டி நல்லாத்தான் ஓடுச்சு மச்சான். ஒரு தடவகூட நிக்கல."

"நின்னிருந்தா நல்லது. நின்னா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். மெமரி அளவுக்கு மேல ஓடுனா பத்து லட்சம் தடவ சரியா வாங்கித் திருப்பிக் குடுக்கும், ஒரு தடவ தப்பாக் குடுக்கும். அந்தத் தப்பு எங்கன விழும்னு யாருக்குத் தெரியும்? மேச டிராயர்ல ஒரு சோதனை சீடி வச்சிட்டு வந்திருக்கேன். பொட்டிய அதுலேருந்து ஏந்திரிக்கச் செய். சிவப்புல கோடு விழுந்தா எனக்குச் சொல்லு."

"விழாட்டி?"

"விழும்."

பன்னிரண்டுக்குக் கரண்ட் வந்தது. சோதனை தொடங்கியது. திரையில் எண்கள் மட்டும் ஓடின. மெமரியில் ஒவ்வொரு இடமாக எதையோ எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலை அது. ஒன்றும் விழாமல் பத்து நிமிடம் போனது. பாக்கர் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று அவள் மனசுக்குள் துஆ கேட்டாள். தப்பு டிவிடியில் இருக்கட்டும், ரியாத்தில் இருக்கும் பிளேயரில் இருக்கட்டும், வெயிலில் இருக்கட்டும். பதினோராவது நிமிடத்தில் திரையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. இருபதாவது நிமிடத்தில் இன்னும் மூன்று.

அவள் தலையைக் கையால் தாங்கிக்கொண்டு அந்த நாலு கோட்டையும் பார்த்தாள். இவ்வளவுதான். இந்த நாலு கோட்டில் ஒன்றுதான் உம்மு ஹபீபாவின் வாயில் விழுந்திருக்கிறது.

கோடு விழுந்ததைப் பாக்கருக்குச் சொல்லிவிட்டு, பயாஸுக்குப் போய் நானூறை எடுத்தாள். மறுபடி சோதனையைத் தொடங்கச் சொல்லி பாக்கர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: குறைந்தது இரண்டு சுற்று, அதற்கு முன்னால் நிறுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் ரெண்டருக்குக் காத்துக் கிடந்தது. அன்றைய நாலு மணி நேரமும் இந்தச் சோதனைக்கே போய்விடும். ஒரு சுற்று போதாதா என்று மூன்று தடவை விரல் எஸ்கேப் பொத்தான்வரை போனது. எழுந்து துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். கதவுவரை போய் வந்து திரையைப் பார்த்தாள், முப்பத்தொரு சதவீதம். லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள், முப்பத்தெட்டு. சோறு இறங்கவில்லை. உம்மு ஹபீபாவிடம் எப்படித் தொடங்குவது என்று பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தாள். பத்தும் பொய்யின் வாசலில் போய் நின்றன. மின்னல் அடித்தது என்று சொல்லலாம். டேப் பூஞ்சை பிடித்தது என்று சொல்லலாம். யார் வந்து பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? மூன்றரை மணிக்கு இரண்டாவது சுற்று முடிந்தது. பிழை பூஜ்யம் என்று காட்டியது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போன உடனே புர்காவைப் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் இருந்த உம்மு ஹபீபாவின் வீட்டுக்கு நடந்தாள்.

உம்மு ஹபீபா கூடத்தில் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி நின்றுபோன கூடம் புழுங்கியது. சல்மா கதவோரம் நின்றாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமி."

"வஅலைக்கும் ஸலாம். புதுச் சீடி கொண்டாந்தியா?"

"இல்ல மாமி. இனிமே தர முடியாது. டேப்புல வேற கல்யாணத்த எடுத்துட்டேன். பொட்டியில இருந்ததையும் அழிச்சிட்டேன். நீங்க பேசுனது எங்கயும் இல்ல." மூச்சு விடாமல் சொன்னாள், நிறுத்தினால் மிச்சம் வராது என்று தெரிந்தது. "கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்னு பொட்டிய அளவுக்கு மீறி ஓட்டுனேன். எம் மாப்புள வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல. கொடுக்கிறதுக்கு முன்னாடி முழுசாப் போட்டும் பாக்கல. தப்பு எம்மேலதான்."

உம்மு ஹபீபாவின் கை முறத்தில் நின்றது. ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"எம்புட்டு நேரம் லாபம் பாத்தே?"

"பதிமூணு நிமிசம்."

"அதச் சொல்ல எனக்கு நாலு வருசம் ஆச்சு."

ஹமீதா பானு தலையைத் தொங்கப் போட்டாள். சல்மா மெதுவாக, "உம்மா, ராத்தா கேமரா கொண்டாந்தா மறுபடி ஒருக்கா..." என்று தொடங்கினாள்.

"முடியாது. ஒருக்கா வந்துச்சு. சொன்னேன். மறுபடி ஒக்காந்து சொன்னா அது நாடகம்."

வெளியே மீன்காரியின் குரல் போனது. உட்காரவும் முடியாமல் கிளம்பவும் முடியாமல் நின்ற ஹமீதா பானு, தன்னையறியாமல் சொன்னாள்: "எனக்கு அது மனப்பாடம் மாமி. முப்பது தடவ கேட்டேன். நீங்க எங்க மூச்சு வாங்குனீங்கன்னுகூடத் தெரியும். நீங்க சம்மதிச்சா நான் நஃபீசாவுக்குச் சொல்றேன். சம்மதிக்காட்டி இது என்னோட போகும், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

உம்மு ஹபீபா அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நீ கேட்டத நீ சொல்லிக்க. நான் பேச மாட்டேன்" என்று முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

சல்மா தன் செல்போனில் ரியாத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துத் தரையில் வைத்தாள். நஃபீசாவின் குரல் தூக்கக் கலக்கத்தோடு வந்தது. ஹமீதா பானு தான் யாரென்று சொல்லி, நடந்த தவறை இங்கே சொன்னபடியே அங்கேயும் சொன்னாள்.

நஃபீசா நம்பவில்லை. "ராத்தா, நீங்க நல்ல எண்ணத்துல சொல்றீங்க. உம்மா வேணாம்னு சொல்லியிருக்கும். நீங்க பழிய ஏத்துக்கிறீங்க."

"இல்லம்மா. உம்மா பேசுனத நான் அப்படியே சொல்றேன். கேளு, பிறகு நம்பலாமா வேணாமான்னு பாத்துக்க." ஹமீதா பானு கண்ணை மூடிக்கொண்டாள். "'நஃபீசா, அன்னைக்கு நீ வந்தப்ப, ஒன்னைய வாசல்ல நிக்க வச்சே பேசுனேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு உச்சி வெயில்ல வந்தே. தண்ணி குடிக்கிறியான்னு ஒரு வார்த்த கேக்கல. உள்ள அடுப்புல தொதல் கிண்டி எறக்கி வச்சிருந்தேன். அந்த இனிப்பு ஒனக்குப் பிடிக்கும்னு தெரியும். குடுத்தா ஒக்காருவே, ஒக்காந்தா போகமாட்டியேன்னு நெனச்சேன்...'"

"நெனச்சேன் இல்ல."

முறத்தைப் பார்த்தபடியே உம்மு ஹபீபா சொன்னாள். குரல் பெரிதாக இல்லை. ஆனால் செல்போன் அவள் காலடியில்தான் இருந்தது.

"பயந்தேன்னு சொன்னேன். போகமாட்டியேன்னு பயந்தேன்."

ஹமீதா பானு கண்ணைத் திறந்தாள். சல்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா மாமி. பயந்தேன்னுதான் சொன்னீங்க" என்று ஹமீதா பானு திருத்திக்கொண்டு தொடர்ந்தாள். "'வீட்டுக்காரன விட்டுட்டு வந்துட்டாளேன்னு ஊரு பேசும்னு பயந்தேன். ஒங்க வாப்பா பள்ளியிலேருந்து வாரதுக்குள்ள ஒன்னைய அனுப்பிறணும்னு பாத்தேன். நான் செஞ்சது தப்பு. அம்புட்டுதான்.' இதோட முடிஞ்சது, நஃபீசா."

"முடியல" என்றாள் உம்மு ஹபீபா. முறம் மடியிலிருந்து சரிந்து அரிசி தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. "இது டேப்புல இல்ல. நீ தெருமுக்கு திரும்புற வரைக்கும் கதவு இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ரியாத்திலிருந்து நஃபீசாவின் குரல் வந்தது.

"நான் திரும்பிப் பாத்தேன் உம்மா. கதவு சாத்தியிருந்துச்சு."

"சாத்தித்தான் வச்சிருந்தேன்" என்றாள் தாய். குனிந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் சல்மாவிடம் நீட்டினாள். சல்மா நிறுத்திக் கொடுத்ததும் காதில் வைத்துக்கொண்டு பின்கட்டு அறைப் பக்கம் நடந்தாள். "புள்ள எந்திரிச்சிட்டானா?" என்று அவள் கேட்டது மட்டும் கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

ஹமீதா பானு தரையில் உட்கார்ந்து சிந்திய அரிசியை அள்ளி முறத்தில் போட்டாள். சல்மாவும் கூட உட்கார்ந்து அள்ளினாள். பாதி அள்ளியதும் ஹமீதா பானு எழுந்துவிட்டாள்.

"இருங்க ராத்தா, டீ போடுறேன்."

"இல்ல சல்மா. இன்னும் ரெண்டு வீட்டுக்கு அதே வேகத்துல போட்டுக் குடுத்திருக்கேன். அந்த டேப்பெல்லாம் இருக்கு. போயிச் சொல்லணும்."

வெளியே வெயில் சுட்டது. அவள் எப்போதும்போலவே வேகமாகத்தான் நடந்தாள். அந்தக் குணம் ஒரு காலையில் போகிற குணமில்லை. பன்னிரண்டுக்குக் கரண்ட் வரும். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தை நானூறில் வைத்து ரெண்டருக்குப் போட வேண்டும். மூன்று மணி ஐம்பத்துநான்கு நிமிடம். கரண்ட் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனால் முடியும், இல்லாவிட்டால் நாளை. முடிந்த பிறகு டிவிடியைப் போட்டு முழுசாகப் பார்க்க வேண்டும், ரிமோட்டைக் கையில் எடுக்காமல். அதை நினைத்தாலே அவளுக்குக் கால் பரபரத்தது.

கிழக்குத் தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண், மாவுக் கையோடு நின்று, "வா ஹமீதா, உள்ள வா" என்றாள்.

ஹமீதா பானு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாமி, நான் குடுத்த சீடியில தப்பு இருக்கும். எங்கன இருக்குன்னு எனக்கே தெரியாது. அதைக் குடுங்க, வேற போட்டுத் தாரேன்."

"அப்படியா?" என்றாள் அந்தப் பெண், புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "நாங்க இன்னும் போட்டே பாக்கலையே. ஒக்காந்து பாக்கலாம்னா கரண்ட் எங்கன இருக்கு?"